கென்யா என்று சொன்ன இடம்

"உங்கட ஆள் கென்யாவில நிக்கிறார் அக்கா. யோசிக்காதேங்கோ."

இதைச் சொன்னவன் ஏஜென்சிக்காரனின் ஆள். எங்கள் சனத்தைக் காசு வாங்கி வெளிநாட்டுக்குக் கடத்தும் பெரிய ஏஜென்சிக்காரனை இத்தாலியின் பலேர்மோவில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. இவனைத்தான் கண்டிருந்தோம். வியா மக்வேதா என்ற பெருந்தெருவில் ஒரு சப்பாத்துக்கடை வாசலில், வேலை முடிந்து சனம் வரும் நேரத்துக்குச் சரியாக நிற்பான். வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மின்ட். யாராவது 'யோசிக்காதே' என்றால்தான் எனக்கு யோசனையே தொடங்கும். பிறவிக் குணம் அது. மீன் வாங்கப் போனால் செவுளைக் கிளப்பிப் பார்ப்பேன், பிறகு தராசின் அடியையும் பார்ப்பேன். சந்தை மீன்காரன் என்னைக் கண்டதும் தராசைத் தானாகவே தூக்கிக் காட்டிவிடுவான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் நகரத்தின் சீசா என்ற பகுதியில் ஒரு வயதான இத்தாலிய சிஞ்ஞோராவின் வீட்டில் வேலைக்கு நின்றேன். சமையல், துடைப்பு, அவருக்குக் குளிசை கொடுப்பது எல்லாம் நான்தான். படுக்கையும் அங்கேயே, பின்னறையில். பெர்மெசோ என்ற தங்கும் அனுமதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூரா வாசலில் விடியற்காலை வரிசைகளில் நின்று காத்திருந்தேன். அந்த அனுமதி கைக்கு வந்தால் கணவரை நேர்வழியில், விமானத்தில் கூப்பிட்டுவிடலாம். ஆனால் ஊரில் நடந்த சண்டை அவரைக் காத்திருக்க விடவில்லை. வடக்கே எங்கள் தீவிலிருந்து எப்படியோ கொழும்புக்கு வந்து ஏஜென்சியில் ஏறிவிட்டார். எனக்குச் சொன்னதே ஏறின பிறகுதான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.

முதல் அழைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்தது. சிஞ்ஞோரா தொலைபேசியின் இலக்கச் சக்கரத்துக்குச் சின்னப் பூட்டுப் போட்டு வைத்திருந்தார், நான் ஊருக்கு அடித்துவிடுவேன் என்று. வருகிற அழைப்பைப் பூட்ட முடியாதல்லவா? அதனால் ஒவ்வொரு அழைப்புக்கும் பக்கத்தில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"சுகமா இருக்கிறன். குளிருது," என்றார் என் கணவர்.

"குளிரோ? ஆபிரிக்காவிலயோ?"

"ஓம். மூண்டு போர்வை போத்துக்கொண்டு படுக்கிறம்."

"கடல் தெரியுதோ அங்கை?"

"கடலோ? மணமே இல்லை."

அவருக்குப் பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவ்வளவுதான், தொடர்பு அறுந்தது. ஏஜென்சித் தம்பி எனக்குச் சொல்லியிருந்தது கடற்கரைப் பட்டினம், தென்னைமரம், நல்ல வெயில். என் கணவர் தீவில் பிறந்து சங்கு குளித்து வளர்ந்தவர். கடல் பத்து மைல் தள்ளி இருந்தாலும் காற்றைப் பிடித்துச் சொல்லிவிடுவார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் முற்றத்தில் இதைச் சொன்னதும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். "தங்கச்சி, அது ரஷ்யா," என்றார் ஒருவர். "குளிர் எண்டா ரஷ்யாதான். என்ர மச்சானையும் இப்பிடித்தான் ஆபிரிக்கா எண்டு சொல்லி அங்கை இறக்கினவங்கள்." எல்லாரும் தலையாட்டினார்கள். ஆபிரிக்கா என்றால் மணல், வெயில், ஒட்டகம். ஒருவருக்கும் அதில் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை. வீட்டுக்கு வந்து சிஞ்ஞோராவிடம் கேட்டேன். அவர் தன் பள்ளிக்கூடக் காலத்து வரைபடப் புத்தகத்தை எடுத்து விரித்தார். ஆபிரிக்காவின் கிழக்கு மூலை முழுவதும் ஒரே இளஞ்சிவப்பு. "இதெல்லாம் எங்களுடையது," என்று கையை அகல விரித்துக் காட்டினார். கென்யா அதற்குக் கீழே வேறு நிறத்தில் கிடந்தது. தன் மாமா அந்த இளஞ்சிவப்புக்குள் ரோட்டுப் போட்டவர் என்றார். அங்கே குளிருமா என்று கேட்டதற்கு, மாமா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றார்.

இரண்டாம் அழைப்பில் சாப்பாட்டைக் கேட்டேன். பக்கத்தில் நிற்கிறவன் சாப்பாட்டுக் கதையைத் தடுக்கமாட்டான் என்று ஒரு கணக்கு.

"புளிச்ச தோசை மாதிரி ஒண்டு தருகினம்," என்றார். "சுளகளவு. மேல கறியை ஊத்தி, எல்லாரும் ஒரே தட்டில பிய்ச்சுச் சாப்பிடுறம்."

ரஷ்யாவில் தோசையா? மனிதருக்கு மூளை பிசகிவிட்டதோ என்று பயந்துபோனேன். அந்தப் பயத்தோடுதான் அடுத்த நாள் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனேன்.

எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடியில் ஒரு வக்கீலின் வீட்டில் வேலை செய்த பெண் ஒருத்தி அங்கே விரிப்பு உதறிக்கொண்டு நின்றாள். ஒல்லி, நெடுவல், கழுத்தில் மரச்சிலுவை. என் வயதுதான் இருக்கும். ஆபிரிக்காக்காரி என்பது தெரியும், எந்த நாடு என்று கேட்டதில்லை. கொடியில் இடத்துக்குச் சண்டை பிடித்திருக்கிறோம், அவ்வளவுதான் பழக்கம். இருவருக்கும் பொதுவாக இருந்தது இத்தாலியன், அதுவும் தலையும் வாலும் இல்லாத இத்தாலியன். அதை நான் இங்கே என் தமிழிலேயே எழுதுகிறேன்.

யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டியிருந்தது. புளித்த தோசைக் கதையைச் சொன்னேன். அவள் விரிப்பை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதில கண் கண்ணா ஓட்டை இருக்குமோ?"

"தெரியாது."

"கேள். யூக்கலிப்டஸ் மரம் இருக்குதோ எண்டும் கேள். நீலமும் வெள்ளையுமா ராக்சிக் கார் ஓடுதோ எண்டும் கேள்."

"ஏன்?"

"அது கென்யா இல்லை. அது என்ர ஊர்."

அடுத்த ஞாயிறு கேட்டேன். ஓட்டை இருந்தது. மரம் இருந்தது. நீல ராக்சி வீட்டு வாசலாலேயே ஓடியது. அதைக் கேட்டதும் அவள் பெயரைச் சொன்னாள். என் கணவர் எதியோப்பியாவில், அடிஸ் அபாபா என்ற தலைநகரத்தில் இருந்தார்.

மாடியிலேயே குந்தி அழுதேன். அந்தப் பெயருக்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு படம்: பஞ்சத்தில் எலும்பு தெரியும் பிள்ளைகள், பத்து வருடத்துக்கு முன் பேப்பரில் வந்தது. "அவரைப் பட்டினி போட்டுக் கொல்லப்போறாங்கள்," என்றேன். அவளுக்கு முகம் கறுத்துவிட்டது.

"இப்பதானே சுளகளவு சாப்பாடு எண்டு சொன்னாய்? உன்ர நாட்டில சண்டை எண்டு சொல்லுறியே, அங்கை ஒருத்தரும் சோறு சமைக்கிறேல்லையோ?"

வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப்போனாள். இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் நானே அவள் வாசலில் போய் நின்றேன். எனக்கு வேறு வழி இல்லை, அந்த ஊரைத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

இப்படித்தான் நான் ஒரு நாட்டைப் படிக்கத் தொடங்கினேன். வேலை முடிந்த பின்னேரங்களில் மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அவள் சொல்லுவாள். நாட்டின் நடுப்பகுதி முழுவதும் மலைமேடு, தலைநகரம் எங்கள் மலைநாட்டு நுவரெலியாவை விட உயரத்தில் இருக்கிறது. ஆனியில் பிடித்த மழை புரட்டாசி வரை விடாது, அதுதான் அந்தக் குளிர். அதே நாட்டின் கிழக்கு மூலையில் கடல்மட்டத்துக்கும் கீழே ஒரு பள்ளம், அங்கே சனம் உப்பை வெட்டி ஒட்டகத்தில் ஏற்றுகிறது. இரண்டு கோடிக்கும் நடுவே பூமி வெடித்தது போல ஒரு பெரும் பள்ளத்தாக்கு, வழி நெடுக ஏரிகள். நைல் நதியின் ஒரு கிளை அவர்களுடைய ஏரியில்தான் தொடங்குகிறது. கடல் இப்போது இல்லை. வடக்குப் பகுதி தனி நாடாகப் பிரிந்தபோது கடற்கரையும் அதோடு போய்விட்டது. தலைநகரத்திலிருந்து கடலுக்கு ஒரு பழைய ரயில் பாதை அடுத்த நாட்டுக்குப் போகிறது, வண்டி நினைத்த நேரத்துக்குப் போய்ச் சேரும். நல்ல ரோட்டுகள் சில இத்தாலியர் போட்டவை. "போட்டவை ஆர், கல்லுச் சுமந்தவை ஆர் எண்டு உன்ர சிஞ்ஞோராவைக் கேள்," என்றாள். நான் கேட்கவில்லை. வேலை போய்விடும்.

பாஷையும் பல. அவளுடைய தகப்பன் ஒரு பாஷைக்காரர், தாய் வேறு பாஷைக்காரி. வடக்கில் ஒரு சனம், தெற்கில் ஒரு சனம், கிழக்கில் முஸ்லிம் சனம், யார் ஆள்வது என்பதில் ஓயாத பிணக்கு. அதை அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை, எனக்குச் சட்டென்று விளங்கியது.

கேட்டதையெல்லாம் நம்பினேன் என்று நினைக்கவேண்டாம். ஒவ்வொரு ஞாயிறும் அதில் ஒன்றை எடுத்துக் கணவரிடம் போட்டுப் பார்ப்பேன். வீட்டுக் கூரை என்ன? தகரம். விறகு எதில் வருகிறது? பொம்பிளைகள் முதுகில் கட்டிக்கொண்டு மலையால் இறங்குகினம். கரண்ட்? வந்து வந்து போகுது. அவர் சொன்னதைத் திரும்ப அவளிடம் போட்டுப் பார்ப்பேன். இருவரையும் ஒருவருக்கு ஒருவர் சாட்சியாக நிறுத்தி விசாரித்தேன். இவள் ஏன் இவ்வளவு ஆர்வமாகச் சொல்லுகிறாள், ஏஜென்சிக்கு இவளும் ஆளோ என்றும் இடையில் ஒரு யோசனை ஓடியது.

எல்லாம் பொருந்தி வந்ததும் வியா மக்வேதாவுக்குப் போனேன். சப்பாத்துக்கடை வாசலில் வைத்தே கேட்டேன்.

"தம்பி, ஏன் கென்யா எண்டு பொய் சொன்னனீர்?"

பெப்பர்மின்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினான். "எதியோப்பியா எண்டா வீட்டில சனம் குழறும் அக்கா. அதுதான். பக்கத்து நாடுதானே?"

"அங்கையிருந்து எப்பிடி இஞ்சை வருவார்?"

"ரோட்டால வடக்கை, பிறகு கப்பல். யோசிக்காதேங்கோ."

நான் அன்று முழுவதும் அந்த வரைபடத்தை விரித்து வைத்து யோசித்தேன். வடக்கே போனால் பாலைவனம். அதற்கு அப்பால் கடல். அந்தக் கடலில் எங்கள் சனத்தை ஏற்றிய வள்ளங்கள் எல்லாம் கரை சேரவில்லை என்பது பலேர்மோவில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அடுத்த வாரமே குவெஸ்தூராவில் என் பெர்மெசோவைக் கையில் தந்தார்கள். இனி அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த நகரத்தில் பேசாமல் நிற்க வேண்டும். நான் காகிதம் அனுப்பிக் கூப்பிட்டுக்கொள்வேன். இதைச் சொல்லத் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். அந்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை.

தம்பியின் சட்டையைப் பிடிக்காத குறை. அவன் நாலைந்து நாளில் ஒரு படத்தைக் கொண்டுவந்து தந்தான். அங்கிருந்து வந்த ஒருவர் கையில் கொடுத்துவிட்டதாம். ஒரு ஸ்ரூடியோவில் எடுத்தது. கணவர் மெலிந்துபோய், யாருடையதோ தொளதொளத்த சுவெட்டரோடு, கமராவை நம்பாத கண்ணோடு நின்றார்.

"இப்ப எடுத்த படம்தான் அக்கா. சுகமா இருக்கிறார்."

படத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஸ்ரூடியோவின் முத்திரை. விளங்காத எழுத்து, அதன் கீழே எங்களுக்கும் விளங்கும் இலக்கத்தில் தேதி: நாள் மூன்று, மாதம் பதின்மூன்று. வருடம், அப்போது நடந்துகொண்டிருந்த வருடத்துக்கு எட்டு வருடம் முந்தியது.

அந்த ஞாயிறு கோயில் முற்றத்தில் படம் கைமாறிக் கைமாறிப் போனது. "பதின்மூண்டாம் மாதமோ?" என்றார் ரஷ்யாத் தீர்ப்புச் சொன்னவர். "ஆரோ அவசரத்தில செய்த கள்ள முத்திரை. கொழும்பில பாஸ்போட்டுக்கு எடுத்த படத்துக்குப் பின்னால குத்தியிருக்கிறாங்கள்." கள்ளப் படம் காட்டுகிறார்கள் என்றால் உண்மையான ஆளைக் காட்ட முடியவில்லை என்றுதான் கருத்து. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு மாமி என் கையைப் பிடித்து, "சுவாமியிட்டச் சொல்லி ஒரு பூசை வைப்பமோ பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார். என்ன பூசை என்று எனக்குத் தெரியும். கையை உதறிவிட்டு வந்தேன். ஆனால் வழி முழுவதும் அவர் செத்துவிட்டார் என்றுதான் நம்பினேன்.

அடுத்த நாள் மாடியில் அவளிடம் படத்தை நீட்டினேன். "பார், உன்ர ஊரின்ர பேரில என்ன செய்திருக்கிறாங்கள்."

அவள் படத்தைத் திருப்பிப் பார்த்தாள். சிரித்தாள். அடித்திருப்பேன். என் முகத்தைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தன் அறைக்கு இறங்கினாள். கட்டிலுக்கு மேலே மாதா படத்தோடு ஒரு கலண்டர் தொங்கியது, அவளுடைய சபையில் கொடுத்தது.

"எங்களுக்குப் பதின்மூண்டு மாதம்," என்றாள். "பன்னிரண்டு மாதத்துக்கும் முப்பது முப்பது நாள். மிஞ்சுற அஞ்சு நாளும் பதின்மூண்டாம் மாதம், சில வருசம் ஆறு. அது முடிய எங்களுக்குப் புதுவருசம். போன கிழமைதான் பிறந்தது. வருசமும் உங்களுக்குப் பின்னாலதான் வரும்."

அந்தக் கலண்டரில் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு இலக்கம், பெரிதாக அவர்களுடையது, சின்னதாக இத்தாலியருடையது. விரல் வைத்து நானே எண்ணினேன். ஒருமுறை எண்ணி, நம்பாமல் திரும்பவும் எண்ணினேன். படம் எடுத்துப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. கொழும்பில் இருந்து கள்ள முத்திரை குத்துகிறவன் எவனுக்கும் பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று தோன்றியிருக்காது. கோயில் முற்றமே கள்ளம் என்று கண்டுபிடித்த அந்த இலக்கம்தான் அவர் உயிரோடு நின்றதற்குச் சாட்சி. அவள் கட்டிலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவள் கோப்பி போட்டுத் தந்தாள்.

முத்திரையில் இருந்த எழுத்தையும் அவளே வாசித்தாள். ஸ்ரூடியோவின் பெயர், பெரிய சந்தைக்குப் பின்னால் ஒரு தெருவின் பெயர். அவளுடைய தங்கச்சி அதற்குக் கிட்டத்தான் இருந்தாள். "அவளை அனுப்புறன்," என்றாள். எதற்காக இவ்வளவும் செய்கிறாள் என்று அப்போதும் மனதில் ஒரு முள் குத்தியது. கேட்டும் விட்டேன்.

"என்ர அண்ணையையும் ஒருக்கா இப்பிடித்தான் ஒரு லொறி ஏத்திக்கொண்டு போனது," என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

தங்கச்சி ஸ்ரூடியோக்காரனை விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். தகர வாசல், உள்ளே எங்கள் பெடியன்கள் பத்துப் பேர். வெளியே வந்தால் பொலிஸ் பிடிக்கும் என்று ஏஜென்சிக்காரர் அவர்களை மிரட்டி வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. தட்டியும் ஒருவரும் திறக்கவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டதில், சனிக்கிழமை விடிய ஒரு லொறி வருகிறதாம். அன்று வியாழன்.

"அவர் நம்புற மாதிரி ஒரு வசனம் சொல்லு, உன்ர பாஷையில," என்றாள் அவள். "தங்கச்சி வாசல்ல நிண்டு சொல்லுவாள்."

என்ன சொல்வது? தாயின் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் ஏஜென்சிக்கும் தெரியும். செபம் எல்லாருக்கும் தெரியும். கடைசியில் எனக்கு வந்தது இதுதான்: ஆழக்கடலில் மூச்சடக்கிச் சங்கு எடுக்கிற மனிதருக்குத் தவளை என்றால் உயிர் போய்விடும். கிணற்றடிக்கு நான் முதலில் போய்ப் பார்த்துக் குரல் கொடுத்தால்தான் குளிக்க வருவார். அவருடைய தாய்க்குக்கூட இது தெரியாது.

"தவளை இல்லை, வாங்கோ."

ரெலிபோன் கடையில் பெட்டிக்குள் நின்று அவள் தன் தங்கச்சிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள். தவளையின் 'ள' வரவில்லை, 'ழ'வும் வரவில்லை. திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். அடுத்த பெட்டியில் நின்ற மனிதர் எட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணி போல் சிஞ்ஞோராவின் தொலைபேசி அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன்.

"ஆர் கதைக்கிறது?" கணவரின் குரல்.

"நான்தான்! உங்களுக்கு என்ர குரலும் மறந்துபோச்சோ? இஞ்சேருங்கோ, அந்த லொறியில ஏறாதேங்கோ. எனக்குப் பெர்மெசோ வந்திட்டுது. அந்தப் பொம்பிளையோட போய் நில்லுங்கோ, நான் கூப்பிடுறன்."

"ஒரு வெளிநாட்டுக்காரி வாசல்ல வந்து தவளை எண்டு சொல்லுறா," என்றார். "என்ர மனிசியை ஆரோ பிடிச்சு வைச்சு வெருட்டிக் கேட்டிருக்கிறாங்கள் எண்டு நினைச்சன். இவவுக்குப் பின்னால, ரோட்டுக்கு மற்றப் பக்கத்தாலதான் ரெலிபோன் கடைக்கு நடந்து வந்தனான். நீர் அவள்தான் எண்டா ஒண்டு சொல்லும். எங்கட கலியாணத்தண்டு கோயில் வாசல்ல என்ன நடந்தது?"

கோயில் வாசலில் என்ன நடந்தது? மழையா? யாராவது விழுந்தார்களா? ஒன்றுமே நினைவில் வரவில்லை. இந்த ஒரு பதில் பிழைத்தால் மனிதர் லொறியில் ஏறிவிடுவார் என்று தெரிகிறது, வாயில் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. எல்லாம் வந்தது.

"ஒண்டும் நடக்கேல்லை! என்ன நடந்தது? நான் இஞ்சை ஒரு மாதமா நித்திரை இல்லாமல், ஊரெல்லாம் உங்களுக்குச் செத்தவீட்டுப் பூசை வைக்க வெளிக்கிட, சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். நீங்கள் எனக்குச் சோதினை வைக்கிறியளோ? என்னைக் கேட்டே ஏஜென்சியில ஏறினனீங்கள்? ஏறேக்கை வராத சந்தேகம் இப்பதான் வந்ததோ? லொறியில ஏறிப் பாருங்கோ, வந்து சேந்தாலும் இந்த வீட்டுப் படி ஏறவிடமாட்டன்!"

சிஞ்ஞோரா காதுக் கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். மறுபக்கம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து, "ஹலோ, ஹலோ," என்று கத்தினேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. என் கணவர் அழுது நான் அதுவரை கேட்டதில்லை.

"ஓம்," என்றார். "ஒண்டும் நடக்கேல்லைத்தான். வேற ஆராவது எண்டா ஏதும் ஒண்டு சொல்லியிருப்பினம்."

"அப்ப?"

"அப்ப என்ன? நான் இவவோட போறன்."